பழைய மினிபைக் பாகங்களுக்கு எந்த முலாம்? எல்லாவற்றையும் குரோமுக்கு அனுப்பும் முன்

கேள்வி இது: 1970 வாக்கில் வந்த ரப் நிறுவனத்து மினிபைக் (குட்டி மோட்டார் சைக்கிள்) ஒன்று ஒஹாயோவில் ஒரு கராஜ் விற்பனையில் கிடைத்திருக்கிறது. முழுக்கப் பிரித்தாயிற்று. ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் என்று முடிவாகிவிட்டது. மிச்சமுள்ள ஹேண்டில்பார், மட்கார்டு, ஆக்சில், லீவர், ஸ்பிரிங், போல்ட் நட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் குரோம் பட்டறைக்கு அனுப்பிவிடலாமா, அல்லது ஜிங்க் (துத்தநாகம்) போதுமா? வீட்டிலேயே எதையாவது செய்துகொள்ளலாமா? படங்களும் இணைத்திருக்கிறேன்.

தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள். நான் மிச்சிகனில் வாகன பாகங்களின் மேற்பூச்சுத் துறையில் வேலை செய்கிறேன். வீட்டில் இதுவரை ஏழு மினிபைக் சரிசெய்திருக்கிறேன். முதல் வண்டியில் நானும் எல்லாவற்றையும் மொத்தமாகத்தான் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்ததில் பாதியை வண்டியில் பூட்ட முடியவில்லை. பூட்டியதில் ஒன்று உடைந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் வண்டி ஒஹாயோவின் மான்ஸ்ஃபீல்டு ஊரில் பிறந்தது. மிக்கி ரப் முதலில் கோ-கார்ட் செய்து விற்றவர், பிறகு மினிபைக்குக்கு வந்தார். 1965 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதன்முறை ஓட்டியே ஆறாவதாக வந்த மனிதர் அவர். எஞ்சினில் டெக்கும்சே என்று போட்டிருந்தால் அது என் மாநிலத்து ஊர்ப் பெயர். இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. இவை சிறுவர்கள் பணத்துக்குள் அடங்கும்படி, வேகமாகச் செய்து தள்ளிய வண்டிகள். கண்ணில் படுகிற சில பாகங்களுக்கு மட்டும் குரோம் போட்டார்கள். மற்றவற்றுக்கு மலிவான ஜிங்க், பெயின்ட், அதுவும் இல்லையென்றால் வெறும் எண்ணெய். வண்டி முழுக்கக் குரோம் ஏற்றினால் அது அந்தக் காலத்து வண்டியாக இருக்காது, கண்காட்சியில் வைத்த பாத்திரக்கடை போலிருக்கும்.

எந்த முலாம் என்று கேட்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்திடமும் மூன்று விஷயம் கேளுங்கள். நீ என்ன வேலை செய்கிறாய்? உன் உலோகம் என்ன? தொழிற்சாலையில் உன்மேல் என்ன இருந்தது? இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

மூன்றாவது கேள்விக்கான பதில் பாகத்திலேயே எழுதியிருக்கும், தேய்ப்பதற்கு முன் பார்த்தால். கிளாம்ப் இறுக்கியிருந்த இடம், வாஷருக்கு அடியில் வட்டமாக விட்டுப்போன நிழல், ரப்பர் கிரிப்புக்குள் மறைந்திருந்த முனை, மட்கார்டின் உட்புறத்தில் பிராக்கெட் ஒட்டியிருந்த பகுதி ஆகிய இடங்களில் ஐம்பது வருட வெயிலும் மழையும் பட்டிருக்காது. நீலம் கலந்த கண்ணாடி வெளுப்பு தெரிந்தால் குரோம். லேசான மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளி என்றால் மேலே குரோம் தேய்ந்து நிக்கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மங்கிய சாம்பல் வெள்ளியாக இருந்தால் ஜிங்க் அல்லது காட்மியம். எண்ணெய் நீரில் மிதப்பது போலப் பச்சையும் சிவப்பும் கலந்த தங்க நிறம் என்றால், ஜிங்க்கின் மேல் மஞ்சள் குரோமேட் என்ற காப்புப் பூச்சு போட்டிருக்கிறார்கள். இந்தத் தடயங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு எமரி பேப்பரைத் தொடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் முன் மட்கார்டின் விளிம்பில் குரோம் உரிந்து செம்பு நிறம் எட்டிப்பார்க்கிறது. அது நல்ல செய்தி. அதற்கு அடியில் செம்பு போட்டு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

குரோம் என்று நாம் சொல்வது உண்மையில் குரோமியத்தின் பளபளப்பு இல்லை. அலங்காரக் குரோமில் குரோமிய அடுக்கின் கனம் கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் வரைதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மனிதத் தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் பார்க்கும் கண்ணாடி அதற்கு அடியிலுள்ள நிக்கல். அது பத்திலிருந்து முப்பது மைக்ரான் வரை இருக்கும். அதற்கும் அடியில் செம்பு. குரோமியம் நிக்கலைக் கீறலிலிருந்தும் மங்கலிலிருந்தும் காக்கிறது, இரும்பைத் துருவிலிருந்து காப்பது நிக்கல். ஆகவே குரோம் போட்ட பாகம் துருப்பிடித்தால் நிக்கலை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டறையில் "எவ்வளவு பளபளப்பாக வரும்" என்று கேட்பதைவிட "நிக்கல் எத்தனை மைக்ரான், ஒரே அடுக்கா இரட்டை அடுக்கா" என்று கேளுங்கள். இரட்டை நிக்கலில் கீழே கந்தகம் இல்லாத அரைப்பளபளப்பு அடுக்கும் மேலே பளபளப்பு அடுக்கும் இருக்கும். அரிப்பு உள்ளே இறங்கும்போது மேல் அடுக்கிலேயே பக்கவாட்டில் பரவும், இரும்பு வரை துளைபோட்டுப் போகாது. ஈரத்தில் ஓட்டப்போகும் வண்டியின் மட்கார்டுக்கு இதைத்தான் நான் வாங்குவேன்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். பித்தளை அண்டாவுக்குள் மணலும் சாம்பலும் போட்டு, உள்ளே இறங்கி நின்று, காலால் திருகித் திருகித் தேய்ப்பார். அதற்கே அரை மணி ஆகும். பிறகு துருத்தி ஊதி, பாத்திரம் சூடேறியதும் நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுழற்று. கண் மூடித் திறப்பதற்குள் உட்புறம் வெள்ளியாகிவிடும். கூலி எதற்கு என்று பாட்டியிடம் கேட்டபோது, "தேய்ச்சதுக்குடா, ஈயம் என்ன, ஒரு நிமிஷ வேலை" என்றார். மின்முலாமும் அப்படியே. தொட்டியில் இறங்கும் நேரம் கொஞ்சம், அதற்கு முன்னான அரைப்பும், துணிச் சக்கரத்தில் மெருகேற்றும் பஃபிங்கும்தான் உழைப்பு, பணம், நாள் எல்லாம். நிக்கலும் குரோமும் எந்தக் குழியையும் மூடாது. துருக்குழி இருந்தால் அது கண்ணாடி போன்ற துருக்குழியாகத் திரும்பி வரும், முன்னைவிடத் தெளிவாகத் தெரியும்.

உங்கள் ஹேண்டில்பாரில் கிரிப்புக்கு அடியில் நல்ல குழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு வழி உண்டு. குழியின் அடி வரை முழுவதையும் அரைத்து இறக்குவது ஒன்று. மெல்லிய குழாயில் அது ஆபத்து, வலு போய்விடும். அமிலச் செம்புத் தொட்டியில் செம்பைத் தடிமனாக ஏற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றி, மறுபடி தேய்த்துக் குழியை நிரப்புவது இன்னொன்று. நேரம் பிடிக்கும், ஆனால் உலோகம் மிஞ்சும். ஆழமான குழி என்றால் டிக் வெல்டிங்கிலோ வெள்ளிப் பற்றாசிலோ நிரப்பிவிட்டுச் செம்புக்குப் போக வேண்டும். கார் வேலையில் போடும் பட்டி இங்கே உதவாது, மின்சாரம் அதில் பாயாது. நெளிவு எடுப்பது, விரிசல் பற்றவைப்பது, ஓட்டை அடைப்பது எல்லாம் முலாமுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். குரோமுக்கு மேல் பற்றவைத்தால் புகை உடம்புக்குக் கெடுதல், பூச்சும் வீண்.

குழாய்ப் பாகங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரு முனையும் அடைத்த குழாய்க்குள் சுத்திகரிப்பு அமிலம் புகுந்தால் எளிதில் வெளியே வராது. ஆறு மாதம் கழித்து வெல்டிங் இணைப்பின் நுண்துளை வழியே கசிந்து, புதுக் குரோமைப் பக்கத்திலிருந்து தின்னும். ஹேண்டில்பாரின் உள்ளே தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கண்ணுக்குப் படாத இடத்தில் சிறு துளை போடுங்கள். ஃபிரேமை முலாம் தொட்டியில் இறக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுதான் முதல் காரணம். உங்கள் பவுடர் கோட்டிங் முடிவு சரி.

இப்போது போல்ட்டுகள். மினிபைக் வேலையில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அறுபது பாகை மரையில் பூச்சு ஏறும்போது மரையின் இடைவிட்டம் (மரையின் சரிவுகளின் நடுவில் அளக்கும் விட்டம்) பூச்சின் கனத்தைப் போல நான்கு மடங்கு கூடும். மரையின் சரிவுகள் இரண்டு பக்கமும் தடிப்பதால் வரும் கணக்கு அது. கால் அங்குல, அங்குலத்துக்கு இருபது மரை உள்ள சாதாரண போல்ட்டில் பூச்சுக்கென்று விட்டிருக்கும் இடம் ஏறக்குறைய 28 மைக்ரான். 7 மைக்ரான் ஜிங்க் போட்டால் அந்த இடம் சரியாக நிரம்பும். அதே போல்ட்டுக்குச் செம்பு, நிக்கல், குரோம் என்று 30 மைக்ரான் ஏற்றினால் மரை 120 மைக்ரான் தடித்துவிடும். நட் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் குரோம் செதிலாக உரிந்து, உரிந்த இடத்தில் முதல் மழையிலேயே துரு வரும். போல்ட்டுக்கு 5 முதல் 7 மைக்ரான் ஜிங்க் போதும் என்பது சிக்கனத்துக்காகச் சொல்வது இல்லை. மரைக்கு அதற்குமேல் இடமே கிடையாது.

ஜிங்க்கின் குணமும் வேறு. நிக்கலும் குரோமும் போர்வை மாதிரி, ஓட்டை விழுந்தால் அடியில் இரும்பு அழுகும். ஜிங்க் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். ஸ்பானர் பட்டு ஒரு கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள ஜிங்க் கரைந்து முடியும் வரை கீறலுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிக்காது. நாளும் கழற்றி மாட்டும் பாகத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை. அதன்மேல் போடும் குரோமேட் பூச்சுதான் நிறத்தைத் தருகிறது: நீலம் கலந்த வெள்ளை, மஞ்சள், ஆலிவ், கருப்பு. அந்தக் காலத்து அமெரிக்க மினிபைக் போல்ட்டுகளில் வெள்ளைதான் பெரும்பாலும் கண்ணில் படும். பக்கத்து வீட்டு ஹோண்டா வண்டியின் மஞ்சள் போல்ட்டைப் பார்த்து ஆசைப்பட்டு எல்லாவற்றையும் மஞ்சளாக்காதீர்கள். உங்கள் வாஷர் நிழல் என்ன சொல்கிறதோ அதைப் போடுங்கள். பழைய பாணி மஞ்சள் குரோமேட் எழுபது பாகை செல்சியஸ் அளவுச் சூட்டிலேயே வறண்டு வெடித்துக் காக்கும் வலுவை இழக்கும். எஞ்சின் தலையை ஒட்டிய போல்ட்டுக்கு அது பொருந்தாது.

இனி நான் சொன்ன அந்த உடைந்த பாகம். முதல் வண்டியின் பிரேக் திரும்பும் ஸ்பிரிங்கையும் குரோம் பெட்டியில் போட்டிருந்தேன். பட்டறையில் அதையும் அமிலத்தில் கழுவி, முலாம் போட்டு, அழகாகத் தந்தார்கள். மாட்டி வைத்தேன். மூன்றாம் நாள் காலை கராஜைத் திறந்தால் ஸ்பிரிங் இரண்டாக முறிந்து தரையில் கிடக்கிறது. யாரும் தொடவில்லை, வண்டியை ஓட்டவும் இல்லை. அமிலத் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்துவிடும். இழுவிசையில் இருக்கும்போது அது மெல்ல மெல்ல விரிசலைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு நேரத்தில் சட்டென்று முறிக்கும். அன்று அது கராஜில் முறிந்தது. என் மகன் மேட்டிலிருந்து இறங்கும்போது முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே ஸ்பிரிங், சர்க்ளிப் (தண்டின் காடியில் மாட்டும் வில் வளையம்), கடினமாக்கிய பின், தலையில் ஆறு கோடு போட்ட எட்டாம் தரப் போல்ட் எதையும் சாதாரண முலாம் பெட்டியில் போடாதீர்கள். தலையில் மூன்று கோடு உள்ள ஐந்தாம் தரமும், கோடே இல்லாத இரண்டாம் தரமும் பொதுவாகத் தாங்கும். கடினமான பாகத்துக்கு முலாம் போட்டே ஆக வேண்டுமென்றால், முலாம் ஏறிய சில மணி நேரத்துக்குள், 190 முதல் 220 பாகை செல்சியஸில் குறைந்தது நான்கு மணி நேரம் சூளையில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். குரோமேட்டை அதற்குப் பிறகுதான் போட வேண்டும், முன்பே போட்டால் சூட்டில் கெட்டுவிடும். இதை உங்கள் பட்டறை வழக்கமாகச் செய்கிறதா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்தப் பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். என் வழி எளிது. ஸ்பிரிங்கையும் எட்டாம் தரப் போல்ட்டையும் புதிதாக வாங்கிவிடுவேன். பழையதையே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அமிலம் படாமல் துருவை எடுத்துக் கருப்புப் பெயின்ட் அடிப்பேன்.

பூட்ட முடியாமல் போனது ஆக்சில். மினிபைக் சக்கரங்களில் பரவலாக வருவது 5/8 அங்குல ஆக்சில், அதாவது 15.875 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 30 மைக்ரான் பூச்சு என்றால் விட்டம் 0.06 மில்லிமீட்டர் கூடும். பேரிங்கின் உள்துளையில் அவ்வளவு இடம் இல்லை. நான் சுத்தியலால் தட்டி ஏற்றப் பார்த்து ஒரு பேரிங்கைக் கெடுத்தேன். ஆக்சில், புஷ் உட்காரும் தண்டு, பேரிங் குழி, தண்டில் பூட்டுக்கட்டை செருகும் சாவிக்காடி இவையெல்லாம் அளவு காக்க வேண்டிய இடங்கள். ஆக்சிலின் நடுப்பகுதியை மூடிவைத்து, வெளியே தெரியும் முனைகளுக்கும் நட்டுகளுக்கும் மட்டும் மெல்லிய ஜிங்க் போடச் சொல்லுங்கள். ஆக்சில் முழுக்கப் பூச்சு வேண்டும், அளவும் துல்லியமாக இருக்க வேண்டும் என்றால் மின்சாரமில்லா நிக்கல் என்று ஒன்று உண்டு. வேதிவினையால் படிவதால் மூலையிலும் குழியிலும் ஒரே கனம்தான் ஏறும். 5 மைக்ரான் கேட்டால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய 5 மைக்ரான் கிடைக்கும்.

மின்முலாமில் அப்படிக் கிடைக்காது. மின்சாரம் விளிம்பையும் முனையையும் தேடிப் போகும், உள்வளைவுக்குள் நுழையத் தயங்கும். குரோம் தொட்டி இதில் எல்லாவற்றையும்விட மோசம். மட்கார்டின் உட்குழிவில் மஞ்சள் கலந்த நிக்கல் தெரிந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தொழிற்சாலையிலும் அப்படித்தான் வந்தது. உட்புறத்தை நன்றாகக் கழுவி, பெயின்ட் அடித்து மூடிவிடுங்கள். சேறு அடித்து முதலில் துருப்பிடிப்பதும் அந்த இடம்தான்.

முலாமே கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் டிரம்மில் பட்டை உராயும் முகத்துக்கும் கிளச் டிரம்மின் உட்புறத்துக்கும் எதுவும் போடக் கூடாது. வழுக்கினால் பிரேக்கே இல்லை. அலுமினியப் பாகங்களைப் பாலிஷ் போட்டு விட்டுவிடுவதே அழகு. அலுமினியத்தில் முலாம் பிடிக்க முதலில் ஜிங்கேட் என்ற ஜிங்க் கரைசலில் குளியல் வேண்டும், அதில் சற்றுத் தவறினாலும் அடுத்த குளிர்காலத்தில் கொப்புளம் எழும். வார்ப்பு ஜிங்க் கலவையில் செய்த கைப்பிடி, குமிழ், சின்னங்கள் இன்னும் நுட்பமானவை. அமிலம் பட்டால் பாகமே கரையும், முதல் செம்பு அடுக்கை அதற்கென்று உள்ள காரத் தொட்டியில்தான் போட வேண்டும். எது வார்ப்பு ஜிங்க் என்று தெரியாவிட்டால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை, ஆனால் அலுமினியத்தைவிடக் கனமாக இருக்கிறது என்றால் அதுதான். தனிப் பையில் போட்டு, பையின் மேல் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

சைலன்சருக்கு ஜிங்க் வேண்டாம். 419 பாகையில் ஜிங்க் உருகும், அதற்கு வெகு முன்பே நிறம் கெட்டு வெண்பொடி பூக்கும். சூட்டைத் தடுக்கும் கவசத் தகட்டுக்குக் குரோம் சரி. எஞ்சினை ஒட்டிய முனை நீலமாகத்தான் செய்யும், வருந்தத் தேவையில்லை. சைலன்சர் உடலுக்கு வெப்பம் தாங்கும் பெயின்ட் போதும். செட் ஸ்குரூ, சாவிக்காடியில் செருகும் கட்டை போன்ற சிறு பாகங்களுக்குக் கருப்பு ஆக்சைடு நன்றாக இருக்கும். அது கனத்தைக் கூட்டாது. ஆனால் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெய் காய்ந்தால் துரு.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் வைத்துத் துரு நீக்கலாம், மென்மையான எஃகுக்கு நல்ல வழி. பாகத்துக்கு எதிரில் வைக்கும் நேர்முனையாகச் சாதா இரும்புத் தகட்டையே வையுங்கள். துருப்பிடிக்கா எஃகை வைத்தால் அதிலுள்ள குரோமியம் ஆறு இணைதிறன் வடிவில் கரைசலில் இறங்கும். புற்றுநோய் தரும் பொருள் அது. இதே காரணத்தால் பழைய குரோமை வீட்டில் மின்சாரம் வைத்து உரிக்கவும் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை கராஜில் திறந்து வைக்காதீர்கள், ஆவியில் சுவரிலுள்ள ஸ்பானர் எல்லாம் ஒரே இரவில் துருவேறும். சின்னச் சின்ன பிராக்கெட்டுகளுக்கு வினிகர், எப்சம் உப்பு, ஜிங்க் தகடு வைத்து வீட்டிலேயே மெல்லிய ஜிங்க் ஏற்றலாம். மங்கலாகத்தான் வரும், ஆனால் பழைய வண்டிக்கு அந்த மங்கல் பொருந்தும்.

மங்கிய வெள்ளி போல்ட்டுகளில் கம்பி பிரஷ் சக்கரத்தை வைக்காதீர்கள், டார்ச்சால் சூடாக்கவும் வேண்டாம். அந்தக் காலத்தில் காட்மியமும் பரவலாகப் போட்டார்கள். பார்வைக்கு ஜிங்க் போலவே இருக்கும். அதன் தூசும் புகையும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் தொடாமல் பட்டறையில் சொல்லி இரசாயனத்தில் உரிக்கச் சொல்லுங்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு மாற்றத்தையும் மனத்தில் வையுங்கள். பழைய குரோம் தொட்டிகளிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தால் தொழிலாளர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அமெரிக்காவில் 2006-இல் பணியிடக் காற்றில் அதன் அளவுக்குக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தார்கள். கலிஃபோர்னியா 2023-இல் விதி கொண்டுவந்து, அலங்காரக் குரோம் வேலையில் 2027 முதல் ஆறு இணைதிறன் வகையைப் படிப்படியாக விலக்குகிறது. நியாயமான முடிவு என்பதே என் கருத்து. பல பட்டறைகள் மூன்று இணைதிறன் குரோமுக்கு மாறிவிட்டன. அதன் நிறம் பழையதைவிடச் சற்றுக் கருமையாக, சூடான சாயலில் இருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது. ஹேண்டில்பார் ஒரு வகை, மட்கார்டு மறு வகை என்று பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண்ணை உறுத்தும். அதனால் குரோம் பாகங்கள் அனைத்தையும் ஒரே பட்டறையில், ஒரே தவணையில் கொடுங்கள்.

கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் அளவுகோலோடு படம் எடுங்கள், எண்ணி எழுதுங்கள். சிறு பாகங்களைப் பீப்பாயில் போட்டு உருட்டி முலாம் ஏற்றுவார்கள், ஒன்றிரண்டு தொலைவது சகஜம். பெரிய பாகங்களைக் கொக்கியில் தொங்கவிடுவார்கள், கொக்கி பிடித்த இடத்தில் சிறு வடு விழும். அந்த வடு எங்கே விழலாம் என்று நீங்களே நாடா ஒட்டிக் காட்டுங்கள். அச்சிட்ட எண், தொழிற்சாலை முத்திரை உள்ள இடத்தை வட்டமிட்டு "அரைக்காதீர்கள்" என்று எழுதுங்கள். என் மூன்றாவது வண்டியில் ஒரு பிராக்கெட்டின் முத்திரை பஃபிங் சக்கரத்தில் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

உங்கள் பெட்டிக்கு என் முடிவு: ஹேண்டில்பார், இரண்டு மட்கார்டு, சைலன்சர் கவசம் ஆகிய நான்கும் குரோம், செம்பு நிரப்பி, இரட்டை நிக்கலுடன். போல்ட், நட், வாஷர், பிராக்கெட், பிரேக் கம்பி வெள்ளை ஜிங்க், 5 முதல் 7 மைக்ரான். ஆக்சில் நடுப்பகுதி மூடி முனைகளுக்கு மட்டும் ஜிங்க். லீவர் அலுமினியம் என்றால் வீட்டில் பாலிஷ். ஸ்பிரிங் புதிது. பணம் இந்த மாதம் போதாது என்றால் ஜிங்க் பாகங்களை முதலில் அனுப்புங்கள், அது மலிவு. அவை வந்தால் வண்டியைப் பூட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம், மட்கார்டு எங்காவது உரசுகிறதா என்பதும் குரோம் போடும் முன்பே தெரிந்துவிடும்.

பின் சக்கர ஸ்புராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரத்தை) பிடிக்கும் நான்கு போல்ட்டின் தலையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இப்போதுள்ள படத்தில் கோடுகள் மூன்றா ஆறா என்று தெரியவில்லை. அது தெரியும் வரை அந்த நான்கையும் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள்.